கை மட்டும் பீடி சுற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் என் அறைக்கு ஒரு பெண் வந்தார். வயது 26. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறவர். கூடவே மாமியாரும் நாலு வயது மகளும். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மாமியார் கேட்டுவிட்டார்: “டாக்டரம்மா, இவளுக்குக் கோட்டி ஒண்ணும் இல்லல்லா?”

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தக் ‘கோட்டி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: பைத்தியம். பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டவும் அதுதான், ஒருவரை ஊரைவிட்டே ஒதுக்கவும் அதுதான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் வாய்விட்டுக் கேட்டதை அவர் ஐந்து மாதமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை எழுத அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். “பேரு மட்டும் போட்டுராதீய” என்றார். பெயரோடு, அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

“என்ன செய்யுதும்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இந்தக் கை பீடி சுத்துது. நான் சுத்தாத மாதிரி இருக்கு. அது பாட்டுக்குச் சுத்துது, நான் பக்கத்துல இருந்து பாக்க மாதிரி.”

தெரு, வேப்பமரம், வீடு எல்லாம் படம் வரைந்து வைத்த மாதிரி இருக்கிறதாம். தான் பேசுவது பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி. காலையில் நடந்தது போன வருஷம் நடந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித்தாள் சுற்றின மாதிரி. கடைசியாக, மாமியார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவ என் பிள்ளைன்னு தெரியுது. பசிச்சா சோறு கொடுக்கேன், தல பின்னி விடுதேன். ஆனா பாத்தா மனசுல ஒண்ணுமே வரல. நான் பெத்த பிள்ளையப் பாத்து மனசு கல்லாட்டம் கெடக்கே, நானெல்லாம் ஒரு அம்மையா?”

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. அழவும் வரவில்லை என்பது அவருடைய புகார்களில் ஒன்று.

நான் குறிப்பில் முதலில் எழுதியது ‘மாதிரி’ என்ற சொல்லைத்தான். பத்து நிமிடப் பேச்சில் அது எத்தனை தடவை வந்தது என்று எண்ணவில்லை, ஆனால் வாக்கியத்துக்கு ஒன்று இருக்கும். மனச்சிதைவில் இருக்கும் ஒருவர் இப்படிப் பேசமாட்டார். “இது என் கை இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள்” என்று அடித்துச் சொல்வார். இவருக்கோ கை தன்னுடையது என்று நன்றாகத் தெரியும், தன்னுடையதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை விஷயமும் இதே. நெருங்கின சொந்தத்தைப் பார்த்து, “முகம் அதேதான், ஆனா ஆள் வேற, வேஷம் போட்டு வந்திருக்கு” என்று நம்பிவிடுகிற ஒரு நோய் உண்டு. இவர் அப்படி நம்பவில்லை. அறிவு சரியாகக் கணக்குச் சொல்கிறது, மனது மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறது.

வந்த வழி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. குறுக்குத்துறை முருகன் கோவிலை ஆறு மூழ்கடிப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் அந்தத் தடவை திருநெல்வேலி சந்திப்பு பஸ் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இவர் கணவருக்குச் சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் வேலை. இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. வீட்டுக்குள் வெள்ளம் வராவிட்டாலும் இரண்டு இரவும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறார். கணவர் மூன்றாம் நாள் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கே இவர் பீடி சுற்றும் சொளகை (முறத்தை) எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன பீடிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமே. மூன்று வாரம் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை வேலை.

ஜனவரியில் திருநெல்வேலிக்கு வரும் பஸ்ஸில், கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்தது, விரல் நுனியெல்லாம் மரத்தது, உயிர் போகப்போகிறது என்று தோன்றியது. பீதித் தாக்குதல்தான், வேறொன்றுமில்லை. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை கிறுகிறுப்பதும் சுற்றியிருப்பதெல்லாம் பொய்யாகத் தெரிவதும் அதனால்தான். பெரும்பாலானவர்களுக்குக் கால் மணி, அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இவருக்குப் படபடப்பு அடங்கியது. கண்ணாடித்தாள் மட்டும் போகவில்லை.

பிறகு நடந்தது வழக்கமான சுற்று. முதலில் கண் டாக்டர், ஏனென்றால் ‘பார்வை ஒரு மாதிரி’ இருக்கிறது. கண்ணில் கோளாறில்லை, பவர்கூட இல்லை. உலகம் பொய்யாகத் தெரிகிறவர்கள் பலர் கண்ணைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர் தேவையில்லாத கண்ணாடியோடு வந்திருக்கிறார்கள். அப்புறம் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 9.6. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது தேவையான மாத்திரைதான். அப்புறம் கம்மலை அடகு வைத்துத் தலைக்கு ஸ்கேன். “ஒண்ணுமில்ல” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. ஆனால், ‘அப்படின்னா கோட்டிதான் போல’ என்று அவர் அதை எடுத்துக்கொள்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கணவர் வீட்டுச் சாஸ்தா கோவிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேளம் ஏற ஏறச் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வந்தது. அந்த ஒரு மணி நேரம் அவர் அவராக இல்லை. முடிந்தபின் கேட்டால் பாதி நினைவிருக்காது. சுற்றி நின்ற பெண்களில் இரண்டு பேருக்கும் உடம்பு ஆடியது. இவருக்கோ எல்லாம் டிவியில் பார்ப்பது போல. “மேளம் காதுல விழுது, உள்ள இறங்கல” என்றார்.

மனநல மருத்துவத்தின் கணக்குப்படி இரண்டுமே தன்னுணர்வு விலகல் என்ற ஒரே குடும்பம்தான். ஆனால் எவ்வளவு வித்தியாசம். சாமியாட்டத்தில் ஆள் விலகி நிற்கிறார், நினைவும் விலகுகிறது, ஊரே அவரைத் தாங்கிப் பிடிக்கிறது, திருநீறு வாங்குகிறது. நேரம் முடிந்ததும் அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விடுகிறார். அது நோயே இல்லை. ஊர் ஏற்றுக்கொண்ட சடங்குக்குள் நடப்பதை நோய் என்று எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் சொல்கிறது. இந்தப் பெண்ணுக்கு நினைவு ஒரு நிமிடம்கூட விலகவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே தள்ளி நிற்கிறார். தாங்கிப் பிடிக்கவும் ஆளில்லை, ஏனென்றால் வெளியே எதுவும் தெரியவில்லை. அந்தக் கோமரத்தாடி திருநீறு பூசிவிட்டு, கயிறும் கட்டிவிட்டு, “ஆஸ்பத்திரியிலயும் காட்டு தாயி” என்றாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் கணவர் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்குப் போன் செய்து, அங்கே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, இங்கே வந்தார்கள்.

விசாரித்தபோது

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கினேன். வலிப்பின் ஒரு வகையிலும் உலகம் பொய்யாகத் தெரியும். ஆனால் அது சில நொடிகள், ஓரிரு நிமிடங்கள் வந்து போகும். ஒவ்வொரு தடவையும் ஒரே அச்சில் வரும், சிலருக்கு இல்லாத வாசனை வரும், ஆள் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். இவருக்கு ஐந்து மாதமாக விடாமல் இருக்கிறது. தைராய்டு சரியாக இருந்தது. கஞ்சா இளைஞர்களிடம் இதைத் தூண்டிவிடுவது உண்டு, கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டேன். மாமியார் சிரித்துவிட்டார். அவருடைய சந்தேகம் புகையிலைத் தூள் தலைக்கேறிவிட்டது என்பது. தூள் நெடியில் தலைவலியும் கிறக்கமும் வரலாம்தான். ஆனால் அப்படியானால் சொளகை விட்டு எழுந்து காற்றாட நடந்தால் குறைய வேண்டும். இவருக்கு ஆற்றங்கரையிலும் அதேதான். மனச்சோர்வு கொஞ்சம் இருந்தது, ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. குரல்கள் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற எண்ணம், எதுவும் இல்லை.

கேம்பிரிட்ஜில் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட 29 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இதற்கு உண்டு. ஒவ்வொரு அனுபவமும் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்கும். 70-க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். அதை நெல்லைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டேன். மதிப்பெண் 70-ஐ நன்றாகவே தாண்டியது. ஆனால் நானே பெயர்த்துக் கேட்ட கேள்வியின் மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. எனக்கு அதைவிட உபயோகமான அளவுகோல் ஒன்று அவரிடமே இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவர். 25 பீடி ஒரு கட்டு, ஆக 40 கட்டு. அது 15 கட்டாகக் குறைந்திருந்தது. அதிலும் கடையில் கழித்துப் போட்டது போக.

ஏன் குறைந்தது என்பதில்தான் நோயின் சூட்சுமம் இருக்கிறது. பீடி சுற்றத் தெரிந்த எவருக்கும் கை தன்பாட்டுக்குத்தான் சுற்றும். இலையை வெட்டி, தூளை அள்ளி, உருட்டி, நூலைக் கட்டி, முகத்தை மடக்கும் வேலையில் மனது இருக்காது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருக்கும். சைக்கிள் ஓட்டுவதும் அப்படித்தான். கை தானாகச் சுற்றுவது வழக்கமான காரியம். இவர் அதைத் திடுக்கிட்டுக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்கக் கை தடுமாறியது. தடுமாறத் தடுமாற இன்னும் கவனித்தார்.

நோயின் பெயர் டீபர்சனலைசேஷன்-டீரியலைசேஷன் கோளாறு. தன்னிடமிருந்தே தான் தள்ளி நிற்பது முதல் பாதி, உலகம் பொய்யாகத் தெரிவது இரண்டாம் பாதி. முதல் சொல்லை 1898-இல் லுடோவிக் டுகா என்ற பிரெஞ்சுக்காரர் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். இரண்டையும் அமெரிக்க வகைப்பாடு 2013-இல்தான் ஒரே கோளாறாகச் சேர்த்தது. பெயர் எதுவானாலும் இது அபூர்வம் இல்லை. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் இது வருகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வருகிறது. நோய் என்று சொல்ல முடியாதபடி, தூக்கமில்லாத இரவுக்குப் பின்னோ, துஷ்டி (இழவு) வீட்டிலோ, விபத்துச் சமயத்திலோ சில நிமிடங்கள் இப்படித் தோன்றுவது மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது நடக்கும். இதைப் படிக்கிறவர்களுக்கும் நினைவுக்கு வரலாம்.

சராசரியாக இது தொடங்கும் வயது 16. இருபத்தைந்துக்கு மேல் புதிதாகத் தொடங்குவது குறைவு. இவருக்கு 26 என்பது எனக்கு உறுத்தியது. திரும்பத் திரும்பக் கேட்டபின் வந்தது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சமயத்தில் மூன்று வாரம் இதே மாதிரி இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. தானாகப் போய்விட்டது.

ஐந்தாவது தடவை வந்தபோது அப்பாவைப் பற்றிச் சொன்னார். சேரன்மகாதேவிப் பக்கம் பிறந்த வீடு. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் அடி விழுந்ததைவிடப் பேச்சுதான் அதிகம் விழுந்தது. “அம்மையத் திட்டும், என்னையத் திட்டும். நான் அசையாம உக்காந்து கல்லு மாதிரி ஆயிருவேன். கல்லாயிட்டா ஒண்ணும் செய்யாதுல்லா.” சிறுவயதில் வார்த்தையால் பட்ட காயத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கல்லாவது ஒரு தற்காப்பு. தானாகக் கற்றுக்கொண்ட அந்த வித்தையை, வெள்ளத்து இரவுகளில் உடம்பு மறுபடி எடுத்திருக்கிறது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு 1998-இல் சியரா, பெரியோஸ் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முன்மூளை உணர்ச்சிப் பகுதிகளை அளவுக்கு மீறி அடக்கி வைக்கிறது என்பது அதன் சாரம். 2001-இல் வந்த ஒரு ஆய்வில், இந்த நோயாளிகளுக்கு அருவருப்பான படங்களைக் காட்டியபோது, அருவருப்பை உணரும் மூளைப் பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவாகவே வேலை செய்தது. இவருக்கு நான் இதை இப்படிச் சொல்லவில்லை. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்களைப் பார்த்து வளர்ந்தவர். “வெள்ளம் வரும்போது வயலுக்குள்ள தண்ணி ஏறாம மடையை அடைப்பாங்கள்லா? உங்க மனசு மடையை அடைச்சுட்டு. வெள்ளம் வடிஞ்சாச்சு. மடை இன்னும் அடைச்சே கெடக்கு” என்றேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: “பயிரு கருகிருமா டாக்டரம்மா?” கருகாது, வாடியிருக்கிறது என்றேன்.

சிகிச்சையும் நான் செய்த தவறும்

இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்ஸெட்டின் 2004-இல் நடந்த ஒரு சோதனையில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை. வலிப்பு மருந்தான லாமோட்ரிஜின் ஒரு சோதனையில் தோற்று, இன்னொன்றில் ஜெயித்தது. இவருக்குப் பீதியும் பதற்றமும் கூட இருந்ததால் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் கொடுத்தேன். பழைய தூக்க மாத்திரையைப் பையப் பையக் குறைத்து நிறுத்தினோம். இரவு பத்து மணிக்கு மேல் சொளகைத் தொடக்கூடாது என்று மாமியாரிடம் சொன்னேன். அவர்தான் அதைக் கறாராக அமல்படுத்தினார்.

முதல் நாளே மாமியார் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னேன். கோட்டி இல்லை, ஆகவும் ஆகாது. “கோட்டி பிடிச்சவுக ‘மாதிரி’ன்னு சொல்ல மாட்டாவ. நீ மாதிரி மாதிரின்னுதான் சொல்லுத” என்று மருமகளிடம் அவருடைய பாஷையிலேயே சொன்னபோது முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தார். இந்தப் பயம் சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததல்ல. இந்த நோய்க்குத் தீனி போடுவதே அதுதான். கோட்டி பிடித்துவிடுமோ என்ற பதற்றம், பதற்றத்தால் விலகல், விலகலைக் கண்டு இன்னும் பதற்றம். இதை மையமாக வைத்துத்தான் லண்டனில் இந்த நோய்க்கான பேச்சு சிகிச்சையை வடிவமைத்தார்கள்.

அப்புறம் தவறு செய்தேன். பதற்றக்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நாலு, கேட்கும் மூன்று ஒலி, இரண்டு வாசனை, ஒரு ருசி. யோசிக்காமல் அதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் மோசமாக வந்தார். ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முடித்தவுடன், ‘இப்பம் வந்துட்டேனா?’ என்று பார்ப்பது. ஏற்கனவே கையைக் கிள்ளிப் பார்ப்பது, கண்ணாடியில் முகம் பார்ப்பது, கணவரிடம் “நான் நானாத்தான் இருக்கேனா” என்று கேட்பது எல்லாம் இருந்தது. அந்தப் பட்டியலில் நானும் ஒன்றைச் சேர்த்திருந்தேன். பலருக்கு உதவும் பயிற்சிதான், ஆனால் தன்னையே சோதித்துக்கொண்டிருப்பவர் கையில் அது இன்னொரு பரிசோதனைக் கருவி ஆகிவிட்டது.

நிறுத்தச் சொன்னேன். வேறென்ன செய்வது என்று பேசும்போது, எல்லோரோடும் சேர்ந்து சுற்றுவதை விட்டுவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். முன்பு தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறேழு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுவார்களாம். கை தடுமாறுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார ஆரம்பித்திருக்கிறார். தனியாக இருக்கும்போது கையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

ஆக, திண்ணைக்குத் திரும்புவதுதான் சிகிச்சை என்று முடிவானது. முதல் வாரம் அரை மணி நேரம். கட்டுக் கணக்கு எழுதக்கூடாது, கையைப் பார்க்கக்கூடாது, யாராவது பேசினால் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் ஒருத்தி வீட்டுச் சீட்டுத் தகராறைக் கேட்டுக்கொண்டிருந்ததில் எத்தனை பீடி சுற்றினோம் என்றே தெரியவில்லை என்றார். எண்ணிப் பார்த்தால் ஆறு கட்டு.

நேர்கோட்டில் முன்னேறவில்லை. ஆடியில் காற்று அடிக்கத் தொடங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று இரவு தூக்கம் கெட்டதும் கண்ணாடித்தாள் முழுசாகத் திரும்பி வந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: இந்தத் தடவை ஸ்கேனுக்குப் போகவில்லை. “மடை அடைச்சிருக்கு, தூங்கினா சரியாவும்” என்று மாமியாரே சொல்லிவிட்டாராம்.

செப்டம்பரில் வந்தபோது ஒரு சேதி இருந்தது. மகள் விளையாடிக்கொண்டே வந்து சொளகைத் தட்டிவிட, தூளும் இலையும் தரையெல்லாம் கொட்டியது. “கோவம் வந்துட்டு டாக்டரம்மா. உச்சிக்கு ஏறுச்சு. கத்திட்டேன். அவ அழுதா. பாத்துட்டு நானும் அழுதேன்.” அழுதேன் என்பதை அவர் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாசம் முதலில் வரும் என்று காத்திருந்தார். வந்தது கோபம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, மடை திறந்தால் எந்தத் தண்ணீர் முதலில் வர வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது.

அப்பாவைப் பற்றிய பேச்சை நான் தோண்டவில்லை. அவர் எடுத்தால் கேட்பேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். இப்படி விலகிப் பழகியவர்களிடம் பழைய காயத்தை அவசரமாகத் திறந்தால் மறுபடி கல்லாகிவிடுவார்கள். இதில் என்னோடு ஒத்துப்போகாத சக மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் கடைசியாகப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 34 கட்டு. எஸ்சிடலோபிராம் தொடர்கிறது. கம்மலை மீட்டுப் போட்டிருந்தார். கூட்டமான பஸ்ஸில் இன்னும் ஜன்னல் ஓர இருக்கை கேட்கிறார். ஆரம்பத்தில், ‘நேத்து எத்தனை மணிக்கு அதிகமாச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு’ என்று கேட்டால் மணிக்கணக்காக ஒப்பிப்பார், ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். வழக்கம்போல அன்றும் கேட்டேன்: “நேத்து எப்படி இருந்துச்சு, அந்தக் கண்ணாடித்தாள்?”

“நேத்தா?” என்று மகளின் சடையை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டே யோசித்தார். “இருந்துச்சான்னு தெரியலயே.”